ஒரு பாப் நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி

பாப் இசை கேட்கிற எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் இந்தச் சந்தேகம் வரும். இந்தப் பாடகியை எனக்குப் பிடித்திருப்பது பாட்டுக்காகவா, பாட்டோடு சேர்த்து எனக்குக் காட்டப்பட்ட ஆளுக்காகவா? அந்த முடி, அந்த நடை, பேட்டியில் வருகிற அந்தத் தயக்கம், மேடையில் வருகிற அந்தத் திமிர் எல்லாம் எங்கிருந்து வந்தன? யார் முடிவு செய்தார்கள்? அந்தச் சந்தேகத்தோடு உட்கார்ந்து முறையாக வேலை செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஊடகம் படிக்கிற மாணவராக இருக்கலாம், இசையைப் பற்றி எழுத நினைப்பவராக இருக்கலாம், நாளை நீங்களே பாட வருகிறவராகவும் இருக்கலாம். முன்னனுபவம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இவர் நிஜமா, போலியா' என்ற கேள்வியோடு இறங்காதீர்கள். மேடையேறுகிற எவருக்கும் ஒரு பிம்பம் உண்டு. சாயம் போன சட்டையோடு கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவருக்கும் உண்டு. யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், காசு எங்கே போகிறது, வேண்டாம் என்று தோன்றும்போது அதைக் கழற்றிவைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும். இதில் கடைசிக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். அதற்குப் போய்ச் சேரத்தான் மற்ற படிகள்.

1. ஒரு ஆள், ஒரு காலகட்டம்

ஒருவருடைய மொத்த இசை வாழ்க்கையையும் கையில் எடுத்தால் மூழ்கிப்போவீர்கள். பாப் உலகில் பிம்பம் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. ஒரு ஆல்பம் என்றால் அதற்கென்று ஒரு நிறம், ஒரு வகை உடை, ஒரு மனநிலை. அடுத்த ஆல்பத்தில் எல்லாம் மாறிவிடும். அப்படி ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சிங்கிள் (ஆல்பத்துக்கு முன்னால் தனியாக விடுகிற பாட்டு) வெளியான நாளில் தொடங்கி, அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் முடிந்த நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிக்கு இன்றைய நட்சத்திரங்களைவிட இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தையவர்கள் நல்லது. இன்று முன்னணியில் இருப்பவரைப் பற்றிக் கிடைக்கிற தகவலில் பெரும்பகுதி அவருடைய விளம்பரக் குழுவே கொடுத்தது. பழையவர்கள் விஷயத்தில் வழக்கு ஆவணங்கள் வெளியே வந்திருக்கும், கூட வேலை செய்தவர்கள் நினைவுக் குறிப்புகள் எழுதியிருப்பார்கள், பேசாமல் இருந்தவர்கள் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள். அப்புறம், உங்களுக்குப் பிடித்தவரையே எடுங்கள். பிடிக்காத ஆளை ஆராயப் போனால் குற்றம் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

2. படிப்பதற்கு முன்னால் பாருங்கள்

அந்தக் காலகட்டத்தின் வீடியோக்கள், ஆல்பம் அட்டை, இரண்டு மூன்று மேடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மனம் அதன் பின்னால் போய்விடும், கண்ணுக்கு முன்னால் நடப்பது தப்பிவிடும். எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது? காமிராவை நேராகப் பார்க்கிறாரா, பார்வையைத் திருப்பிக்கொள்கிறாரா? தனியாக நிற்கிறாரா, கூட்டத்தின் நடுவிலா? காமிரா அவருடைய முகத்தில் நிற்கிறதா, உடம்பில் அலைகிறதா? பார்த்ததை மட்டும் எழுதுங்கள். காரணத்தை இப்போதே தேட வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. அந்த ஆளை வெறும் நிழலாக வரைந்தால் யாரென்று தெரியுமா? மைக்கேல் ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் 25ஆம் ஆண்டையொட்டி 1983 மார்ச்சில் பதிவுசெய்து மே மாதம் ஒளிபரப்பிய நிகழ்ச்சியில் அவர் ஒற்றைக் கையுறை, கறுப்புத் தொப்பி, கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும் கால்சட்டை, பளபளக்கும் சாக்ஸ் ஆகியவற்றோடு வந்தார். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கை எங்கே போகிறது, கால் எங்கே வழுக்குகிறது என்று தெரியும். நடனத்தை எடுத்துக்காட்டுகிற அதே உடை, ஆளையும் மனதில் நிறுத்திவிட்டது. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை இரட்டையர் ஹெல்மெட்டுக்குள் இருந்துகொண்டே உலகப் புகழ் பெற்றார்கள். பாடகி சியா முகத்தை மறைக்கும் பொய்முடியோடு வந்தார். முகத்தின் இடத்தில் ஒரு பொருளை வைத்தால், முகம் சொந்தக்காரரிடமே தங்கிவிடும். புகழின் விலையைத் தெரிந்துகொண்டவர்கள் எடுத்த மிக நல்ல முடிவு அது என்று நினைக்கிறேன்.

இந்தப் பிம்பம் எந்தத் திரைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் ஒரு ஓரத்தில் குறித்துவையுங்கள். 1957 ஜனவரியில் எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இடுப்பை ஆட்டி ஆடுகிற பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினார்கள். மறைத்ததே பேச்சாகிவிட்டது. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, பாட்டு எப்படிக் கேட்கிறது என்பதற்கு இணையாக அது எப்படித் தெரிகிறது என்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டிவந்தது. இப்போது கைபேசியின் நெட்டுக்குத்தான திரை. அதில் எடுபடுவது பிரம்மாண்டத்தைவிட நெருக்கம். அறையில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் பேசுவதுபோன்ற அந்தத் தோற்றத்துக்கும் வெளிச்சம் அமைக்கிறவர், திருத்துகிறவர், எப்போது பதிவிடலாம் என்று சொல்கிறவர் இருக்கக்கூடும்.

3. முன்பும் பின்பும்

இப்போது இதே ஆள் புகழடைவதற்கு முன்னால் எடுத்த படங்களையும் பதிவுகளையும் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது சேர்ந்திருக்கிறது என்பதைவிட எது காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள்.

பீட்டில்ஸ் குழுவினர் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மேடையிலேயே தின்றுகொண்டும் புகைத்துக்கொண்டும் வாசித்தவர்கள். லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்திவந்த பிரையன் எப்ஸ்டைன் அவர்களுடைய மேனேஜரான பிறகு, 1962இல் ஒரே மாதிரி சூட் வந்தது. பாட்டு முடிந்ததும் சேர்ந்து குனிந்து வணங்குவது வந்தது. தொலைக்காட்சிக்காரர்களும் பெற்றோர்களும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிற இளைஞர்கள் கிடைத்தார்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் கதை இன்னும் கடுமையானது. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட். 1963இல் மேனேஜராக வந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம், அவருடைய தோற்றம் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று முடிவு செய்தார். ஸ்டூவர்ட் அதிகாரப்பூர்வ உறுப்பினர் பட்டியலிலிருந்து போனார், விளம்பரப் படங்களிலிருந்தும் போனார். ஆனால் இசைத்தட்டுகளில் தொடர்ந்து வாசித்தார், சுற்றுப்பயணங்களில் கருவிகளையும் வண்டியையும் பார்த்துக்கொண்டார், 1985இல் இறக்கும்வரை அவர்களோடுதான் இருந்தார். அவருடைய வாசிப்பு குழுவுக்குத் தேவைப்பட்டது, முகம் தேவைப்படவில்லை. பிம்பம் என்ற சொல்லை யாராவது லேசாகப் பேசினால் எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார்.

4. பின்னால் இருப்பவர்களின் பட்டியல்

இந்த வேலையில் அதிக நேரம் எடுப்பதும், எடுக்க வேண்டியதும் இதுதான். ஆல்பத்தோடு வருகிற பெயர்ப் பட்டியலை முழுவதும் படியுங்கள். லேபிள் (இசையை வெளியிடுகிற நிறுவனம்), மேனேஜர், தயாரிப்பாளர், பாட்டு எழுதியவர்கள், நடன இயக்குநர், ஸ்டைலிஸ்ட், புகைப்படக்காரர், வீடியோ இயக்குநர், பத்திரிகைத் தொடர்பைக் கவனித்தவர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் இதற்கு முன்னால் யாரோடு வேலை செய்தார் என்று எழுதுங்கள். ஒரே பெயர் பல நட்சத்திரங்களின் பட்டியலில் வந்தால், அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும்.

இப்படி ஒரு பட்டியல் எவ்வளவு சொல்லும் என்பதற்கு மோட்டவுனைவிட நல்ல உதாரணம் இல்லை. பெர்ரி கோர்டி 1959இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு முன் அவர் ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன்-மெர்குரி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் சட்டகமாக உள்ளே போகிற வண்டி, பல கைகளைக் கடந்து முழுக் காராக வெளியே வருவதை அங்கே பார்த்தார். இசைக்கும் அதுவே வழி என்று நினைத்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1960களின் நடுவில் மோட்டவுனுக்குள் கலைஞர்களைப் பயிற்றுவிக்க ஒரு தனிப் பிரிவே இயங்கியது. நடை, உட்காரும் விதம், பேச்சு, பேட்டியில் பதில் சொல்லும் முறை ஆகியவற்றை மேக்ஸின் பவல் என்ற பெண்மணி கற்றுக்கொடுத்தார். மேடை அசைவுகளை சோலி அட்கின்ஸ் அமைத்தார். மேடை இசையை மாரிஸ் கிங் பார்த்துக்கொண்டார்.

இதை எதற்காகச் செய்தார்கள் என்று கேட்காமல் விட்டால் பட்டியலால் பயனில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர்களை வெள்ளையர்களின் உயர்தர இரவு விடுதிகளும் தொலைக்காட்சியும் எளிதில் உள்ளே விடாத காலம் அது. சுப்ரீம்ஸ் குழுவின் மூன்று பெண்கள் 1965 ஜூலையில் நியூயார்க்கின் கோபகபானா விடுதியில் பாடியபோது, நீண்ட கவுன்களும் அளந்துவைத்த கையசைவுகளும் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. மூடியிருந்த கதவுக்கு அவை சாவி. அப்படிப் பணிந்துபோக வேண்டியிருந்ததில் ஒரு வலியும் இருக்கிறது, அந்தப் பயிற்சி அந்தப் பெண்களுக்குக் கைகொடுத்தது என்பதும் இருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் எழுதுகிற கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன.

இதே முறையை இன்னும் விரிவாகச் செய்பவை தென்கொரிய நிறுவனங்கள். லீ சூ-மான் நிறுவிய எஸ்எம் என்டர்டெயின்மென்ட் 1996இல் எச்ஓடி என்ற ஐவர் குழுவைக் கொண்டுவந்தது. சிறுவயதிலேயே தேர்ந்தெடுத்து, பாட்டு, நடனம், அயல்மொழி, காமிரா முன் பழகும் விதம் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்துப் பிறகு அறிமுகப்படுத்தும் முறை அங்கே நிலைத்துவிட்டது. பயிற்சிக்குச் செலவழித்த தொகையை நிறுவனம் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதையும் கேட்டுவையுங்கள். ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது அது உதவும்.

ஆனால் எல்லாமே மேலிருந்து வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பைஸ் கேர்ள்ஸ் 1994இல் ஒரு பத்திரிகை விளம்பரம் மூலம் சேர்க்கப்பட்டவர்கள்தான். பாப் ஹெர்பர்ட், கிறிஸ் ஹெர்பர்ட் என்ற தந்தையும் மகனும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 1995இல் அந்த ஐந்து பெண்களும் தங்களைச் சேர்த்தவர்களை விட்டுவிட்டு வெளியேறி, சைமன் ஃபுல்லரை மேனேஜராக வைத்துக்கொண்டார்கள். ஸ்போர்ட்டி, ஸ்கேரி, பேபி, ஜிஞ்சர், போஷ் என்ற அந்த ஐந்து பெயர்களையும் எந்த விளம்பர நிறுவனமும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. 1996இல் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' இதழின் ஆசிரியராக இருந்த பீட்டர் லொரெய்ன் வைத்தவை அவை. குழு அவற்றை ஏற்றுக்கொண்டது, பிறகு பொம்மை முதல் குளிர்பான டப்பா வரை அந்தப் பெயர்களில்தான் விற்றது. உங்கள் பட்டியலில் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வரி வையுங்கள்.

5. பக்கத்தில் யார் நிற்கிறார்கள்

பிம்பம் தனியாக அர்த்தம் தருவதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டால்தான் தெளிவாகும். பீட்டில்ஸ் சூட் போட்ட பிறகு, ஓல்டம் ரோலிங் ஸ்டோன்ஸை அதற்கு நேரெதிராக, பெற்றோர்கள் பயப்படுகிற பையன்களாக நிறுத்தினார். ஆகவே நீங்கள் எடுத்துக்கொண்ட நட்சத்திரத்தோடு அதே ஆண்டில் போட்டியிட்ட இரண்டு மூன்று பேரை எழுதிவைத்து, ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் எப்படிக் கூட்டிக் காட்டப்பட்டது என்று பாருங்கள். குழுவாக இருந்தால் இதே பங்கீடு குழுவுக்குள்ளேயே நடக்கும். ஒருவர் அமைதி, ஒருவர் குறும்பு, ஒருவர் மூத்தவர் என்று பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு ரசிகரும் 'என் ஆள்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

ஆண், பெண் வேறுபாட்டையும் இங்கேயே கவனியுங்கள். ஒரே தோற்றத்தோடு முப்பது ஆண்டுகள் வலம்வருகிற ஆண் ராக் பாடகர்கள் இருக்கிறார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. பெண் பாடகிகளிடம் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் புதிய ஆளாக வரச்சொல்கிறார்கள், கூடவே வயதையும் கணக்குப் பார்க்கிறார்கள். இது அநியாயம். ஆராய்ச்சி என்ற பெயரில் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக வேண்டியதில்லை.

6. எந்த உண்மையை விற்கிறார்கள்

ஒவ்வொரு இசை வகைக்கும் அது கேட்கிற உண்மை வேறு. ராக் ரசிகர் தானே எழுதித் தானே வாசிக்க வேண்டும் என்பார். கன்ட்ரி இசையில் எளிய ஊர்க்காரராக இருக்க வேண்டும். ராப் இசையில் பட்ட அடியைத்தான் பாட வேண்டும். நடனப் பாப்பில் உழைப்பு தெரிய வேண்டும். உங்கள் நட்சத்திரம் இவற்றில் எந்த வாக்குறுதியைக் கொடுத்தார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதப் பாருங்கள். பேட்டிகளில் திரும்பத் திரும்ப வருகிற சிறுவயதுக் கதை ஒன்று இருக்கும். பெரும்பாலும் அந்தக் கதைக்குள்தான் இந்த வாக்குறுதி ஒளிந்திருக்கும்.

வாக்குறுதி உடைந்த இடங்களைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். மில்லி வனிலி என்ற பெயரில் வந்த ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன் இருவரும் 1990 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதை வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில், ஆல்பத்தில் பாடியது அவர்கள் குரலே இல்லை என்று தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியன் ஒப்புக்கொண்டார். விருது பறிக்கப்பட்டது. உண்மையில் பாடியவர்கள் வேறு சிலர், அவர்களுடைய தோற்றம் சந்தைக்கு ஏற்றதில்லை என்று கருதப்பட்டது. முன்னால் நின்ற இருவர்தான் ஊர் முழுக்க ஏச்சு வாங்கினார்கள். திட்டம் போட்ட தயாரிப்பாளர் தொழிலில் தொடர்ந்தார். பழி எங்கே போகிறது, லாபம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இதோடு வேறு இரண்டை ஒப்பிடுங்கள். டேமன் ஆல்பர்னும் ஓவியர் ஜேமி ஹ்யூலட்டும் உருவாக்கிய கொரில்லாஸ் குழுவின் முகங்கள் வரைந்த பாத்திரங்கள். ஜப்பானின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா 2007இல் வெளியிட்ட ஹட்சுனே மிக்கு ஒரு குரல் மென்பொருள், மேடையில் ஒளியுருவமாக வந்து பாடுகிறாள். இரண்டிலும் யாரும் ஏமாந்ததாகக் கோபப்படவில்லை. என்ன தருகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். டேவிட் போவி ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற வேற்றுலகப் பாத்திரமாக 1972இல் வந்து, 1973 ஜூலை 3 அன்று லண்டன் மேடையிலேயே அந்தப் பாத்திரத்துக்கு விடைகொடுத்தார். வேடத்தை வேடமென்று சொல்லிக் காட்டினால் ரசிகர்கள் தாராளமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நடுவில் மங்கீஸ் என்ற குழு இருக்கிறது. 1965இல் விளம்பரம் கொடுத்து, தொலைக்காட்சித் தொடருக்காக நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்க ஆல்பங்களில் கருவிகளை வாசித்தது பெரும்பாலும் ஸ்டூடியோ கலைஞர்கள். 1967இல் அந்த நால்வரும், குறிப்பாக மைக் நெஸ்மித், சண்டை போட்டு, இசைப் பொறுப்பில் இருந்த டான் கர்ஷ்னர் வெளியேறும்படி செய்தார்கள். அடுத்த ஆல்பத்தைத் தாங்களே வாசித்தார்கள். செய்யப்பட்ட குழு நிஜக் குழுவாக மாற முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

7. காலண்டரை வரையுங்கள்

ஒரு நீளமான தாளில் மாதங்களை எழுதி, நடந்தவற்றை வரிசையாகப் போடுங்கள். டீசர், சிங்கிள், வீடியோ, பத்திரிகை அட்டைப்படம், தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆல்பம், பயண அறிவிப்பு, பொருள் விற்பனை. காதல், சண்டை, அழுகைப் பேட்டி எல்லாவற்றையும் வேறு நிற மையில் சேருங்கள். சில செய்திகள் வெளியீட்டு வாரத்தில் வந்து விழுந்திருப்பது தெரியும். அதை வைத்து 'எல்லாம் திட்டம்தான்' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வெளியீட்டு வாரத்தில் நிருபர்கள் அதிகம் கேட்பதாலும் செய்தி அதிகம் வரும்.

அறிவிப்பே இல்லாததும் ஒரு உத்தி. பியான்ஸே 2013 டிசம்பர் 13 அன்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 14 பாட்டும் 17 வீடியோவும் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டார். விளம்பரம் செய்யாததையே உலகம் முழுக்கச் செய்தியாக்கினார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் வேறு வழி பிடித்தார். வீடியோக்களிலும் பதிவுகளிலும் துப்புகளை ஒளித்துவைத்து ரசிகர்களைத் தேடவிடுவார். 2014இல் ஆல்பம் வருவதற்கு முன்னால், தேர்ந்தெடுத்த ரசிகர்களைத் தன் வீடுகளுக்கே அழைத்துப் பாட்டுகளைப் போட்டுக்காட்டினார்.

இங்கேதான் ரசிகர்களின் உழைப்பும் கணக்கில் வருகிறது. ஜப்பானில் அகிமோட்டோ யசுஷி 2005இல் தொடங்கிய ஏகேபி48 குழுவின் இசைத்தட்டுக்குள் உறுப்பினரோடு கைகுலுக்கும் சீட்டு இருக்கும், 2009 முதல் அடுத்த பாட்டில் யார் முன்னால் நிற்பது என்று வாக்களிக்கும் சீட்டும் வந்தது. ஒருவரே பல பிரதிகள் வாங்கினார்கள். கொரிய ஆல்பங்களுக்குள் எந்த உறுப்பினரின் படஅட்டை இருக்கும் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிடிஎஸ் ரசிகர்கள் மொழிபெயர்ப்பது, வாக்குச் சேர்ப்பது, நன்கொடை திரட்டுவது என்று ஒரு பெரிய நிறுவனம் செய்யும் வேலையைத் தாங்களே செய்கிறார்கள். அதில் தோழமையும் மகிழ்ச்சியும் இருக்கிறது, அதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை என்பதையும் எழுதிவையுங்கள். விற்பனைத் தரப் பட்டியல்களில் இடம்பிடிக்க டி-ஷர்ட், கச்சேரி டிக்கெட் ஆகியவற்றோடு ஆல்பத்தைச் சேர்த்து விற்கும் வழக்கம் எல்லை மீறியதால்தான், அமெரிக்காவில் அந்தப் பட்டியல்களை வெளியிடுகிற பில்போர்டு 2020இல் தன் விதிகளை மாற்றியது.

வானொலியையும் மறக்காதீர்கள். ஒரு பாட்டு எங்கு திரும்பினாலும் கேட்டது என்றால், அது மக்கள் விருப்பம் மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடுவதை வெளியே சொல்லாமல் செய்வது அமெரிக்காவில் 1960 முதலே குற்றம். அப்படியிருந்தும் 2005இல், நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் நடத்திய விசாரணைக்குப் பிறகு, சோனி பிஎம்ஜி நிறுவனம் 1 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

8. ஒப்பந்தம்

கடைசியாக, கழற்றும் உரிமை. ஜார்ஜ் மைக்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் வந்த ஆல்பத்தில் தோல் ஜாக்கெட், லேசான தாடி, ஜீன்ஸ், காதில் சிலுவைத் தோடு என்று ஒரு பிம்பம் உலகம் முழுக்கப் போனது. 1990இல் அடுத்த ஆல்பம் வந்தபோது அவர் முகத்தைக் காட்ட மறுத்தார். அட்டையில் அவர் இல்லை. டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய ஒரு வீடியோவில் நவோமி கேம்ப்பெல், லிண்டா எவாஞ்சலிஸ்டா உள்ளிட்ட மாடல்கள் அவர் குரலுக்கு வாயசைக்க, அந்தப் பழைய தோல் ஜாக்கெட் தீப்பிடித்து எரிந்தது. தான் கேட்டபடி நிறுவனம் தன்னை விற்கவில்லை என்ற மனக்கசப்பு முற்றி, சோனி மீது வழக்குப் போட்டார். 1994 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு வேறு நிறுவனங்கள் அவருடைய ஒப்பந்தத்தை வாங்கிய பிறகுதான் வெளியே வந்தார். ஜாக்கெட்டை அவரால் எரிக்க முடிந்தது, ஒப்பந்தத்தை முடியவில்லை. 1993இல் தன் பெயரையே ஒரு குறியாக மாற்றிக்கொண்டு, கன்னத்தில் அடிமை என்று எழுதிக்கொண்டு வந்த பிரின்ஸின் சண்டையும் இதே வகைதான்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியவை இவை. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, எத்தனை ஆல்பம்? மாஸ்டர் ஒலிப்பதிவு (பிரதிகள் எடுக்கிற மூலப் பதிவு) யாருடையது? பாட்டு எழுதிய உரிமை யாருடையது? குழுவின் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது? கச்சேரி வருமானத்திலும் பொருள் விற்பனையிலும் லேபிளுக்குப் பங்கு உண்டா? ராபி வில்லியம்ஸ் 2002இல் ஈஎம்ஐ இசை நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, எல்லா வருமானத்திலும் பங்கு கேட்கிற முறை பரவியது. புதியவர்கள் இதில் கையெழுத்துப் போடும் முன் சொந்த வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். லேபிளோ மேனேஜரோ ஏற்பாடு செய்கிற வழக்கறிஞர் போதாது.

விளைவுகளைப் பாருங்கள். டிஎல்சி குழுவின் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த 1995இல்தான் அந்த மூன்று பெண்களும் திவால் மனு கொடுத்தார்கள். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸை உருவாக்கிய லூ பேர்ல்மன், மேனேஜர் பங்கோடு நிற்காமல் குழுவின் ஆறாவது உறுப்பினராகவும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். அவர்கள் வழக்குப் போட வேண்டிவந்தது. தென்கொரியாவின் டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூன்று பேர் 2009இல் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு தென்கொரிய நியாய வணிக ஆணையம் ஏழு ஆண்டு வரம்பு கொண்ட மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பிரிட்னி ஸ்பியர்ஸ் 2008 முதல் 2021 நவம்பர் வரை நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்களின் கட்டுப்பாட்டில் இருந்தார். தன் பணத்தையும் தன் நாட்களையும் தானே தீர்மானிக்க முடியாத அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஆல்பங்கள் வந்தன, லாஸ் வேகாஸில் நிகழ்ச்சிகள் நடந்தன, சுவரொட்டிகளில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரொட்டியை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

எதிர்ப்பக்கத்துக்கு டெய்லர் ஸ்விஃப்ட். முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் பதிவுகள் 2019இல் வேறு கைக்குப் போனபோது, பாட்டு எழுதிய உரிமை அவரிடம் இருந்தது. அதை வைத்துப் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடி 2021 முதல் வெளியிட்டார், 2025இல் அசல் பதிவுகளையும் விலைகொடுத்து வாங்கிவிட்டார். அது அவரிடம் இருந்த பண பலத்தாலும் நடந்தது. எல்லோருக்கும் வாய்க்கிற வழி இல்லை.

9. எழுதும்போது

நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். ஆவணத்தால் உறுதியானது ஒன்றில், சம்பந்தப்பட்டவர் சொன்னது ஒன்றில், உங்கள் ஊகம் ஒன்றில். மேனேஜர்களின் நினைவுக் குறிப்புகளை இரண்டாவது பத்தியில் வையுங்கள், தங்கள் பங்கைப் பெரிதாக்கிச் சொல்வது அவர்களுக்கு வழக்கம். ரசிகர்களிடையே உலவும் கதைகளை மூன்றாவதைத் தாண்ட விடாதீர்கள். பிம்பத்துக்குப் பின்னால் இருப்பவரைத் தேடுகிறேன் என்று ஒருவருடைய நோயையோ பாலியல் விருப்பத்தையோ குடும்பத்தையோ தோண்டாதீர்கள். அவரே பொதுவில் பேசியிருந்தால் மட்டும், அவர் சொன்ன அளவுக்கு எழுதலாம். பிம்பத்தைச் செய்த தொழிலை ஆராய்வதுதான் உங்கள் வேலை.

முதலில் யாரை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், 1964 முதல் 1967 வரையிலான சுப்ரீம்ஸை எடுங்கள். ஆவணங்கள், பேட்டிகள், தொலைக்காட்சிப் பதிவுகள் எல்லாம் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்தக் காலகட்டத்தின் கடைசியில் ஃபிளாரன்ஸ் பல்லார்ட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார், குழுவின் பெயர் டயானா ராஸின் பெயரை முன்னால் வைத்து மாறியது. யார் நடுவில் நிற்கிறார், யார் ஓரத்துக்குப் போகிறார், யார் சட்டகத்துக்கு வெளியே போகிறார் என்று அந்த நான்கு ஆண்டுப் புகைப்படங்களைத் தேதிவாரியாக அடுக்கி, எட்டாவது படியின் கேள்விகளோடு தொடங்குங்கள்.